கேசட்டின் கடைசியில்

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் கடையில், பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன். ஒரு மத்தியானம் இரண்டு கட்டைப்பை நிறையக் கேசட்டுகளோடு ஒருவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தியவராம்.

ஒவ்வொரு கேசட்டையும் சட்டையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். "நேரா கடைசிக்கு ஓட்டுங்க தம்பி."

"ஏன் சார், முன்னாடி எதுவும் வேணாமா?"

"செய்தி வாசிச்சது என் சம்சாரம். புது கேசட் வாங்க முடியாம அவ வாசிச்சதுமேலயே திரும்பத் திரும்பப் பதிஞ்சேன். அவ போய்ச் சேர்ந்தப்புறமும் பதிஞ்சேன். பின்னாடி பதிஞ்சது சீக்கிரம் முடிஞ்சிருந்தா, கடைசியில மட்டும் ஏதாச்சும் மிஞ்சியிருக்கும்."

மிஞ்சியிருந்தது. வேறொருவர் வாசித்த செய்தி முடிந்ததும் திரையில் கோடுகள் ஓடின. பிறகு நீலச் சேலையில் ஒரு பெண், "நன்றி, வணக்கம்" என்று கைகூப்பினாள். அடுத்த கேசட்டிலும் அதுவே. எல்லாவற்றிலும் அவள் விடைபெற்றுக்கொண்டே இருந்தாள்.

பைகள் காலியானதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுலயாவது அவ ஆரம்பிக்கிறது இருக்கும் தம்பி. பாருங்களேன்."

இருக்காது என்று தெரிந்தும் முதல் கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டினேன். மீசைக்காரர் ஒருவர் செய்தி வாசித்தார். வந்தவர் திரைக்கு அருகே குனிந்து, அந்த மீசைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளிக்கங்க."