தோளில் ஒரு வைக்கோல்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் இருக்கும் மான் தீவில் ஸ்கிலிகார்ன் குடும்பத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. காஸ்டில்டவுன் துறைமுகத்தைப் பார்த்த அவர்களுடைய வீட்டில், மாடியில் அண்ணன் தீவின் சட்டங்களை எழுதினார். கீழே தம்பி வங்கி நடத்தினார். இரண்டு இடத்துக்கும் கணப்பு மூட்டியவள் ஈலிஷ் கின்விக்.

அவள் வேலை கேட்டுப் போனவளல்ல. அதிகாரிகள் வீட்டுக்கு ஆள் வேண்டுமென்றால், சேவகன் வந்து தீவை ஆளும் பிரபுவின் பெயரைச் சொல்லித் தோளில் ஒரு வைக்கோலை வைப்பான். அதோடு ஒரு வருடம் அவர்களுடையது. மறுத்தால் கோட்டைச் சிறை. பத்தொன்பது வயதில், ஹெரிங் மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்த ஈலிஷின் தோளில் அது விழுந்தது. மீனவன் இல்லியத்துக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம்.

ஒரு வருடம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கெடு முடிகிற நாள் நவம்பர் பன்னிரண்டு. விடிந்ததும் துணிமூட்டையோடு பின்வாசலுக்கு வந்தாள். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு இல்லியம் நின்றிருந்தான். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பழைய சேவகன் செத்துவிட்டான், ஐயா அந்த வேலையைத் தனக்குக் கொடுத்திருக்கிறார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "கோவிச்சுக்காத ஈலிஷ். இன்னும் ஒரே வருஷம். வேலை நெலைச்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"போன வருஷம் வச்சவனும் ஒரு வருஷம்னுதான் சொன்னான். என்ன, அவன் என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லல."

வாய்க்குள் பிரபுவின் பெயரை முணுமுணுத்து வைக்கோலை வைத்தான்.

அடுத்த வருடமும் வந்தான். மாவு மில்காரன் மகளைக் கட்டிக்கொண்ட பிறகும் வந்தான். "வீட்ல சௌக்கியமா?" என்று கேட்டுத் தோளைக் காட்டினாள். கடல்காற்று வைக்கோலைத் தள்ளிவிட்டால் அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்.

முப்பத்திரண்டு வருடம். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் பெரியவர் தான் எழுதிய புதுச் சட்டத்தை விருந்தாளிகளுக்கு வாசித்தார். இனி வைக்கோல் வழக்கம் இல்லை. ஐயாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். ஈலிஷ் சூப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

"இனிமே நீ எங்க வேணும்னாலும் போகலாம், ஈலிஷ்," என்றார் வீட்டம்மாள்.

"எங்க போறதும்மா?"

அம்மாள் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, போகச் சொன்னாலும் நம்மள விட்டுப் போக மனசு வரல."

எல்லோரும் சிரித்தார்கள். ஈலிஷ் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து சூப்பை ஊற்றிக்கொண்டே போனாள்.