கிளவுஸ் போட்டுப் பார்த்து வாங்கிய ஆர்கேட் ஸ்டிக்

பழைய வீடியோ கேம் சாமான் கடையில் லிஃப்டக்கா பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு பழைய கேம் கண்ட்ரோலர். அதைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து அவள் எடுத்தது இரண்டு ஜோடி தடித்த ரப்பர் கிளவுஸ். அதைப் பார்த்ததும் மனிதர் நாற்காலியோடு சற்றுப் பின்னால் நகர்ந்தார்.

“இந்த மெஷினுக்கு ஆர்கேட் ஸ்டிக் வேணும்ணே. முன்னாடி கேம் கடைல காசு போட்டு ஆடுவோமே, அந்த மாதிரி. பெரிய கைப்பிடி, பெரிய பட்டன்.”

“அம்மாடி! இந்த மெஷின் இன்னும் உயிரோட இருக்கா?”

“மெஷினுக்கு ஒரு குறையும் இல்லண்ணே” என்றாள். குறை இருந்தது வேறு இடத்தில்.

அவளுக்கு வேலை அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு; அதனால்தான் எல்லோருக்கும் லிஃப்டக்கா. கண்ணைவிடக் காதை நம்புகிறவள். கதவு மூடும்போது லேசாக ஒரு முனகல் கேட்டால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சத்தம் போடாத லிஃப்ட்தான் நல்ல லிஃப்ட்; அது அவளுக்கு வேதம். கல்யாணம்கூட லிஃப்டால் நடந்ததுதான். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் பன் தட்டுகளோடு ஒருத்தர் மாட்டிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து இவள், “பயமா இருக்கா?” என்று கேட்டாள். “பயம் இல்லீங்க, பசிதான். கையில இருக்கிறதெல்லாம் அடுத்தவன் ஆர்டராப் போச்சு” என்று பதில் வந்தது. அந்தப் பேக்கரி மாஸ்டரைத்தான் கட்டிக்கொண்டாள்.

கேம் மெஷின் அவர் கொண்டுவந்தது. இரண்டு பேர் மோதும் சண்டை விளையாட்டு. அவருக்கு எப்போதும் தொப்பை வைத்த மல்லன், பெயர் குண்டன். அவளுக்கு நகத்தால் பிறாண்டுகிற பூனைக்காரி. பெயரெல்லாம் இவர்களாக வைத்ததுதான். “கொல்றேன் பாரு”, “பல்லை உடைக்கிறேன்” என்று தினமும் சாயங்காலம் எழும் கூச்சலைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் சமாதானம் பேசவே வந்துவிட்டாள்.

அப்புறம் அவருக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து நோயைத் துரத்தியது. போகிற போக்கில் விரல் நுனிகளின் உணர்ச்சியையும் வாரிக்கொண்டு போய்விட்டது. “திரும்ப வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். பேக்கரிக்குத் திரும்பிய முதல் வாரமே மாஸ்டர் சூடான தட்டில் கை வைத்துவிட்டார். சுட்டதே தெரியவில்லை. தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாராம். அதோடு வேலை நின்றது.

ஒரு சாயங்காலம் கண்ட்ரோலரை எடுத்து உட்கார்ந்தார். சின்னச் சின்னப் பட்டன்கள். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. தூக்கி எறிந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ வயரை அழகாகச் சுற்றி, மெஷினோடு சேர்த்து அலமாரி மேல் வைத்தார். “யாராவது கேட்டா குடுத்துடு” என்றார். ஆயுசில் ஒரு வயரைச் சுற்றி வைக்காத மனுஷன்!

பெரிய ஸ்டிக் என்றால் உள்ளங்கையால் பிடித்துக்கொள்ளலாம், பட்டனை மொத்த விரலாலும் அடிக்கலாம். அதுதான் அவள் கணக்கு. ஆனால் அதுவும் ஆகவில்லை என்றால்? ‘சரி, இவ்வளவுதான் நான்’ என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பிறகு எதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பது?

கடைக்காரர் மூன்று ஸ்டிக்கை எடுத்து வைத்தார். “இது புதுசு. ஆனா உங்க மெஷின்ல வயர் சொருகற வாய் பழைய வாய், நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போடணும். போட்டீங்கன்னா நீங்க இன்னிக்குக் குத்து விட்டா அவன் நாளைக்குத்தான் விழுவான்.”

“வேண்டாம்.”

“இது பிளாஸ்டிக். ஆடற வேகத்துல ஸ்டிக்கும் சேர்ந்து ஆடும், மடியில நிக்காது. இதோ, இது அந்தக் காலத்து இரும்புப் பெட்டி. நேரா சொருகலாம். கனம் மட்டும்தான்.”

லிஃப்டக்கா கிளவுஸை மாட்டிக்கொண்டாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை இடதும் வலதும் தள்ளினாள், பட்டன்களைத் தட்டினாள். டக், டக், டக். ஒன்றுகூடத் தவறவில்லை.

“எதுக்குக்கா கிளவுஸு? கரன்ட்டு அடிக்காதுக்கா, சத்தியமா.”

மரத்த விரலுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்கத்தான். சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயம். “இதையே குடுங்கண்ணே. ஆனா இந்த டக்டக் சத்தம்தான்…”

“அது சுவிட்ச் சத்தம். ஆடறவங்களுக்கு அதுதான்க்கா சங்கீதம்.”

சங்கீதமாவது ஒன்றாவது! சிகிச்சை நாட்களில் சின்னச் சத்தம் கேட்டாலும் அவருக்குத் தலை வெடிக்கும். அப்போதே கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள், மிக்சியைப் போர்வையில் சுற்றி அரைத்தாள். இன்றுவரை வீட்டில் பூனை மாதிரிதான் நடக்கிறாள். அந்த வீட்டுக்குள் இப்படி ஒரு சத்தத்தையா கொண்டுபோவது? மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், மொட்டை மாடி லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். சுவிட்ச் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினாள். பெட்டி நிறையப் பஞ்சு அடைத்து மூடினாள். பட்டனை அமுக்கிப் பார்த்தால் தலையணையில் விரல் வைத்த மாதிரி இருந்தது. ஆகா, என்ன வேலைப்பாடு என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷினை இறக்கி டிவியோடு இணைத்தாள். மாஸ்டர் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடி இது, எடைக்கல்லா?”

“மடியில வெச்சுப் பாருங்களேன்.”

வைத்தார். குண்டனைத் தேர்ந்தெடுத்தார். ஆட்டம் தொடங்கியது. குண்டன் முன்னால் போனான், நின்றான். குத்த வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தான். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் குத்தினான். மாஸ்டர் ஒரு கண் திரையிலும் ஒரு கண் தன் கையிலுமாகத் தடுமாறினார். நெற்றி வியர்த்துவிட்டது.

“நான் அமுக்கினேனா இல்லையான்னு எனக்கே தெரியல” என்றார். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது. “கையப் பாத்தா டிவியப் பாக்க முடியல. விடு. நல்ல சாமான்தான். கைதான்…”

அவர் பெட்டியை மடியிலிருந்து இறக்கப் போனார்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கடையில் இரண்டு ஜோடி கிளவுஸுக்குள் தன் விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லையே! பிறகு எது சொன்னது, பட்டன் அமுங்கியது என்று? காதல்லவா சொன்னது! காதை நம்பிப் பிழைக்கிற நாமே, கொண்டுவந்த பொருளின் வாயை அடைத்துவிட்டோமே!

“ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். எந்திரிக்காதீங்க.”

ஸ்க்ரூ டிரைவரோடு அவர் மடிமேலேயே பெட்டியைக் கவிழ்த்தாள். பஞ்சைப் பிய்த்துத் தரையெல்லாம் போட்டாள். ரப்பரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். மூடி, திருப்பி வைத்து, “அமுக்குங்க” என்றாள்.

டக்.

மாஸ்டர் நிமிர்ந்தார். மறுபடியும் அமுக்கினார். கைப்பிடியைத் தள்ளினார். டக், டக்.

“இது அமுங்குது.”

“ஆமா.”

“இதை ஏன்டி அடைச்சு வெச்ச?”

“உங்களுக்குச் சத்தம் ஆகாதேன்னு…”

“அது தலைவலி இருந்தப்போ! அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. நீ ஓசையில்லாம வர்ற, ஓசையில்லாம போற. நான் செத்துட்டேனோன்னு எனக்கே சில நேரம் சந்தேகமா இருக்கு. தெரியுமா?”

அவள் பழைய கண்ட்ரோலரை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அற்புதமெல்லாம் நடந்துவிடவில்லை. குனியச் சொன்னால் குண்டன் குதித்தான். தரையில் உருண்டு வந்து மோதுகிற வித்தை ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் குத்து விழுந்தது, டக்கென்று கேட்ட அதே நொடியில் விழுந்தது. மாஸ்டர் கையைப் பார்க்காமல் திரையையே பார்த்து ஆடினார். அவள்தான் ஆடவில்லை. பூனைக்காரியைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி அடி வாங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“பூனைக்காரிக்கு என்ன, மூட்டு வலியா?”

“இல்லையே. யோசிக்கறா.”

“என்னத்தை யோசிக்கறா? பாவம்னு விட்டுக்கொடுக்கறதா இருந்தா மெஷினைக் கட்டி வெச்சிடு. நிஜமாத்தான் சொல்றேன். அடிக்கறதா இருந்தா அடி.”

அடித்தால் எழுந்து போய்விடுவாரோ? அடிக்காவிட்டாலும் போய்விடுவார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. லிஃப்டக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். பூனைக்காரி பாய்ந்தாள். பிறாண்டி, உதைத்து, சுவரில் மோதவிட்டு, குண்டனை மல்லாக்கப் போட்டாள்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள். அது கைப்பிடியை விடவில்லை. கட்டை விரல் மெதுவாக நகர்ந்து, தேடி, ஸ்டார்ட் பட்டனை அமுக்கியது.

“என் கைல என்ன படமா ஓடுது? முன்னாடி பாருடி” என்றார் மாஸ்டர். “இந்த ரவுண்டு உனக்கு இருக்கு.”