படித்துறையில் பத்தொன்பது ஆமைகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டர். மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்கு அம்மைத் தடுப்பு என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு நாள் சாக்கு நிறைய ஆமை வந்து இறங்கியது. அந்தச் சமாச்சாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்புதான். பாதி அதைச் செய்தவர்கள் மேல், மீதி என் மேல்.

திசையன்விளையிலிருந்து வந்த பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் எவனோ போட்டுவிட்டு ஓடிய சாக்கு அது. உள்ளே நட்சத்திர ஆமைகள். தலையையும் காலையும் உள்ளே திணித்து, ஓட்டைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தான் பாவி. டேப்பைப் பிரித்தபோது பல செத்துப்போயிருந்தன. உயிரோடு தேறியவை பத்தொன்பது. வழக்கு முடியும்வரை நீங்களே வைத்துப் பாருங்கள் என்று சொல்லி, வழக்கைக் கவனித்த அதிகாரி என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஆமையைப் பற்றி என்ன தெரியும்? மண்ணாங்கட்டி தெரியும். தெரிந்தவர் என் மருந்தக உதவியாளர்தான். சாத்தான்குளத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊரில் செம்மணல் மேடான தேரியில், முள்ளுக்காட்டில், இதே ஆமை மேய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் நீக்கிக் கொண்டுவந்து போடுவார். ஓடு வெடித்திருந்தவற்றுக்கு அம்பாசமுத்திரம் பல் டாக்டரிடம் கெஞ்சிப் பல் அடைக்கும் சிமெண்ட் வாங்கி நான் பூசினேன். குடிக்கத் தட்டில் தண்ணீர் வைப்போம், ஒரு விரற்கடை உயரத்துக்கு. அதற்கு மேல் ஊற்ற அண்ணாச்சி விடமாட்டார். "இது தரையாமை டாக்டரம்மா. நீந்தத் தெரியாது. ஆழத்துல விட்டா செத்துரும்" என்பார்.

நாலு மாதத்தில் பத்தொன்பதும் தேறிவிட்டன. குணமான காட்டு உயிரைத் திரும்ப விடுவதற்கு விதிகள் உண்டு. கல்லூரியில் படித்ததை ஞாபகப்படுத்தி, தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒரு முழுப் பக்கம் என் கையாலேயே எழுதினேன். பிடித்துவந்த மண்ணிலேயே விட வேண்டும். மழை பெய்து புல் முளைத்த பிறகு விட வேண்டும். ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக விட வேண்டும். கூட்டம், சத்தம், கைபடுவது கூடவே கூடாது. இதைக் கோப்போடு வைத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். ஓரத்தில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதித் திரும்பி வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. 'உகந்த நீர்நிலையில் விடுவிக்கவும்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். ஆமை என்றால் தண்ணீர், அவ்வளவுதான் அவர்கள் அறிவு. நான் சிரித்தேன். அதிகாரியை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சிரித்த வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனி மாசம், வெள்ளிக்கிழமை. கார் சாகுபடிக்கு அணை திறந்து தாமிரபரணி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆமைக் கூடைகளோடு ஜீப் படித்துறையில் நின்றபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. பந்தல், மைக் செட், பன்னீர்ச் செம்பு, வாழைமரம். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் தலைமை. பெருமாளே ஆமையாக வந்தவர் இல்லையா, அதனால் ஆமையை ஆற்றில் விட்டால் குடும்பத்துக்குப் புண்ணியம் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். ஐயர் ஒவ்வொரு ஆமையின் ஓட்டிலும் குங்குமம் அப்பிக்கொண்டிருந்தார். நான் பூசிய சிமெண்ட் மேலும் ஒரு பொட்டு. கண்றாவி.

அதிகாரியைத் தனியே கூப்பிட்டேன். "சார், இது தண்ணியில வாழுத ஆமை இல்லை. விட்டா முங்கிச் செத்துரும்."

"என்னம்மா சொல்லுதீங்க? உங்க ஆஸ்பத்திரியில தட்டுத் தண்ணிக்குள்ள உக்காந்திருந்ததை நானே பாத்தேனே."

"அது குடிக்கதுக்கு சார். விரற்கடைத் தண்ணி."

"ஆர்டர்ல நீர்நிலைன்னு போட்டிருக்கு. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிரும். இப்போ வந்து குழப்பாதீங்க."

அந்த இடத்தில் நான் கூடைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்கிச் சொல்லியிருக்க வேண்டும். செய்தேனா? பாளையங்கோட்டைக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டிருந்தேன். அந்தப் பெரிய மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மைக்கில் 'நமது டாக்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். போனேன். சால்வை போட்டார்கள். முதல் ஆமையைக் கூடையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தவள் நான்தான்.

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீசினார். பொண்டுகள் குலவை போட்டார்கள். பத்து நிமிஷத்தில் பத்தொன்பதும் ஆற்றுக்குள். ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிட்ட நிம்மதி எல்லார் முகத்திலும். ஆமைகள் கொஞ்ச தூரம் மிதந்தன, நாலு காலையும் போட்டு அடித்துக்கொண்டு. "எப்பிடி நீந்துது பாத்தீரா வே" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். சாகிறதுக்குக் கை தட்டினார்கள். அப்புறம் பந்தலில் பொங்கலும் வடையும். என் இலையிலும் வைத்தார்கள். சீ, நானும் ரெண்டு வாய் தின்றேன்.

அண்ணாச்சியைக் காணோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைக் சத்தம் ஓயும் முன்பே அவர் கீழ்க்கரையோடு ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு வளைகிற இடத்தில், கோரைக்குள், மார்பளவு தண்ணீரில் நின்றார். ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து, வாயில் போன தண்ணீரை வடியவிட்டுக் கரையில் வைத்தார். என்னைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தேடிக் கோரையை விலக்கினார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் உயிரோடு பதினொன்று கிடைத்தன. மூன்று செத்து ஒதுங்கின. ஐந்து எங்கே போயின என்று தெரியவே இல்லை.

மறுநாள் அதிகாரி சான்றிதழ் கேட்டு ஆள் அனுப்பினார். 'பத்தொன்பது ஆமைகளும் நீர்நிலையில் நலமுடன் விடுவிக்கப்பட்டன' என்று அவர்களே எழுதி அனுப்பிய வாசகம். நடந்ததை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதினால் பதினொன்று என்னிடம் இருப்பது தெரியும். தெரிந்தால் உத்தரவுப்படி மறுபடியும் ஆற்றில் விடுவார்கள், அதுவும் இன்னொரு நல்ல நேரம் பார்த்து. பதினொன்றையாவது காப்பாற்றுவோம் என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். மாற்றலும் கெடாது என்ற நினைப்பு அப்போது மனசில் இல்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணாச்சியும் பஸ்ஸில் சாத்தான்குளம் போனோம். சீட்டுக்கு அடியில் சாக்கு. சட்டப்படி அன்றைக்கு நாங்களும் கடத்தல்காரர்கள்தான். கண்டக்டர் என்ன சாக்கு என்று கேட்டதற்கு, தேங்காய் என்றார் அண்ணாச்சி. அந்த வாரம் அதிசயமாக ஒரு மழை பெய்திருந்த தேரியில், உடைமரத்துக்கு அடியில் ஒன்று, கள்ளிப் புதரில் ஒன்று என்று, அரை மைல் நடந்து விட்டோம். குங்குமத்தை மட்டும் நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். தலையை நீட்டின, பைய நடந்தன, போய்விட்டன.

ஐப்பசியில் எனக்கு மாற்றல் வந்தது. அடுத்த வருஷம் பாளையங்கோட்டை முகவரிக்கு ஒரு தபால், தகவலுக்காக என்று மேலே எழுதி. வேறொரு ஊரில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்டிருக்கின்றன, இருபத்தேழு. தண்ணீரில் விடக்கூடாது என்று அந்த ஊர்க் கால்நடை டாக்டர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். மடக்கி மடக்கி ரெண்டு பக்கம். அந்த மனுஷருக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. அவர் ஆட்சேபத்துக்குப் பதிலாகக் கீழே நாலு வரி: இதே வகை ஆமைகள் ஏற்கெனவே நீர்நிலையில் விடப்பட்டு நலமாக இருப்பதாகக் கால்நடை மருத்துவரே சான்றளித்துள்ளதால் ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது, இருபத்தேழும் தெப்பக்குளத்தில் விடப்பட்டன. பின்னால் என் சான்றிதழின் நகலைக் குத்தியிருந்தார்கள்.

அந்த டாக்டரின் பேரும் முகவரியும் அந்தத் தாளிலேயே இருந்தன. நான் அவருக்கு எழுதவில்லை. எழுதினால் முதல் வரியில் என் சான்றிதழ் பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.