நாற்பத்திரண்டு டிகிரி

எங்கள் அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் அவளுக்கு 'டிகிரி அக்கா' என்று பெயர். பெரிய படிப்புப் படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடு பட்ட எதையும் அவள் வாயில் வைக்க மாட்டாள், அதனால் வந்த பெயர். மூன்றாவது மாடிக்காரர் ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தபோது, "எனக்கு இப்ப முப்பத்தொன்பதுதான், டிகிரி அக்கா என்னைத் தாராளமா சாப்பிடலாம்" என்றாராம். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரும், ஆனால் சாவகாசமாக இரண்டு நாள் கழித்து வரும்.

எடையளவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக வேலை. பித்தளைக் கற்களை அளவு வாரியாக அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவாள். தராசில் கல்லை வைத்து, காட்டுகிற எடையை எழுதிக்கொண்டு, கல்லை எடுத்துவிட்டு மறுபடியும் வைப்பாள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்ப மாட்டாள். சரியாக இருந்தால் தராசின் முதுகில் முத்திரை ஒட்டுவாள். தப்பாக இருந்தால் பழைய முத்திரையை நகத்தாலேயே சுரண்டி எடுத்துவிடுவாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். கல்யாணம் கூடிவரவில்லை. வந்த ஒருவரையும் அவள் இரண்டு முறை நிறுத்துப் பார்த்திருப்பாள் என்று நான் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியை நான் செய்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு விரல் முட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. சின்ன எடைக்கல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வேலையே போய்விடும் என்று பயந்துபோனாள். நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடு பட்டால் சத்தெல்லாம் செத்துவிடும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, அடுப்பை அணைத்தாள். பழம், பச்சைக் காய், ஊறவைத்த கொட்டை, முளைகட்டிய பயறு, இவ்வளவுதான் சாப்பாடு. மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. அது எதனால் வடிந்ததோ யாருக்குத் தெரியும், அக்கா பச்சைச் சாப்பாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தால் உடும்புப் பிடி.

ஆனால் ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் கறி. கடைசித் துண்டுக்கு எனக்கும் அவளுக்கும் சண்டை நடக்கும். அம்மா அதை இரண்டாக வெட்டுவாள். அக்கா அப்போதே இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஒன்றைத் தருவாள். பெரியது எனக்கு வரும். சண்டை போட்டதென்னவோ அவள்தான், ஆனால் பெரியதை எனக்குத்தான் தருவாள். கறியை விட்டவளால் அந்த ஞாயிற்றுக்கிழமையை விட முடியவில்லை.

அதனால் பச்சையிலேயே கறி செய்யக் கற்றுக்கொண்டாள். வால்நட்டையும் சூரியகாந்தி விதையையும் ஒரு நாள் ஊறவைப்பாள். காளானைத் துணியில் கட்டி நீரைப் பிழிவாள். வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டாக அரைப்பாள். நைசாக அரைத்தால் பல்லுக்கு வேலை இருக்காது, கறி என்றால் பல்லுக்கு வேலை வேண்டும் என்பாள். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு விட்டு, அரை விரல் கனத்துக்குத் தட்டில் பரப்பி, உலர்த்தும் பெட்டியில் செருகுவாள். காலை ஆறு மணிக்குக் குமிழை நாற்பத்திரண்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பன்னிரண்டு மணி நேரத்தில் பெட்டி தானாக நின்றுவிடும். அவள் வந்து திறக்கும்போது ஆறிப்போயிருக்கும். பழுப்பு நிறத்தில், ஓரம் முறுகி, இழுத்தால் நாராக வரும் துண்டுகள். முதல் தடவை வாயில் போட்டபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு ருசி.

ருசி இருந்தும் என்ன, அந்த மேஜையில் அவளோடு உட்கார ஆள் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தன் டப்பாவைக் கொண்டுபோவாள். டப்பாவோடு வருகிறவளை எத்தனை தடவைதான் கூப்பிடுவார்கள்? அலுவலகத்தில் விருந்து என்றால் அவளுக்குச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன் என் மகள் பாப்பாவுக்குக் கல்யாணம். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அக்கா மண்டபத்து மூலையில் நாற்காலி போட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். மணப்பெண் எழுந்து பெரியம்மாவிடம் போனாள். தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து ஊட்டப் போனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது அடுப்புல வெச்சதும்மா" என்றாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். பாப்பா கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று மாலையே அக்காவைப் பிடித்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். ஒன்றரை வருஷம் பேச்சில்லை. அப்புறம் என் கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் நான் அவள் வீட்டுக்குப் போவேன். ஆளுக்கு நான்கு துண்டு சாப்பிடுவோம். வாரத்தில் அவள் வீட்டுக் கதவை வேறு யாரும் தட்டுவதில்லை. பாப்பா மட்டும் பெரியம்மாவிடம் பேசவேயில்லை.

போன மாதம் பெட்டிக்குள் இருக்கும் விசிறி நின்றுவிட்டது. அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என்னிடம் மாற்றுச் சாவி இருந்ததால் மெக்கானிக் வரும்போது நான் போய் இருந்தேன். நிதானமான மனிதர். விசிறியை மாற்றிவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று உள்ளே ஒரு வெப்பமானியை வைத்தார். பிறகு குமிழை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் குமிழ் சும்மா அழகுக்குத்தாங்க. எதுல வெச்சாலும் எழுபதுலதான் ஓடுது. ஒயரை ஆரம்பத்துலயே தப்பா மாட்டியிருக்காங்க. வாங்கின நாள்லேர்ந்தே இப்படித்தான்."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஊரில் உள்ள தராசையெல்லாம் இரண்டு முறை பார்க்கிறவள், தன் வீட்டுப் பெட்டியை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். பெட்டியின் பின்னால் 'சோதிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை இருந்தது. முத்திரை இருந்தால் நம்ப வேண்டும் என்பது அவளுடைய தொழில் தர்மம். அவளே நம்பாவிட்டால் அவள் ஒட்டுகிற முத்திரையை யார் நம்புவார்கள்?

அப்புறம் பாப்பாவின் நீட்டிய கை ஞாபகம் வந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பந்தியில் ஒரு வாய் வேண்டாம் என்று சொன்னவள், அன்றைக்குத் தன் டப்பாவிலிருந்து தின்றதும் வெந்ததுதான். மெக்கானிக்கிடம் குமிழைச் சரிசெய்துவிடச் சொன்னேன். அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். இனிமேலாவது அவள் நம்புவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ருசி மாறும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு தட்டில் இருந்தது வேறு பொருள். பீட்ரூட் நிறம் போகாமல் ரத்தச் சிவப்பில், தொட்டால் அமுங்கி, பச்சைக் காளான் வாசனையோடு இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் காளானை இன்னும் இறுக்கிப் பிழிந்திருந்தாள். அதற்கடுத்த வாரம் விதையை மாற்றியிருந்தாள். நடுவில் ஒரு நாள் டாக்டரிடம் போய் நாக்கைக் காட்டிவிட்டு வந்தாளாம். அவர் வயசாகிறது அம்மா என்று சொல்லி அனுப்பினாராம்.

நான்காவது வாரம் சனிக்கிழமை ஃபோன் செய்தாள்.

"நாளைக்கு வராதடி. இனிமே வர வேண்டாம். உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வைத்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரமும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் ஒன்பது வருஷம் போகும். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் வருஷமெல்லாம் போகும். வராதே என்றவள் வீட்டுக்கு மறுநாள் போனேன்.

சமையலறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் அலுவலக வெப்பமானி. முப்பத்தொரு வருஷத்தில் அலுவலகச் சாமான் ஒரு நூல்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவள். கதவைத் திறந்து பார்த்தாள், எழுதினாள், மூடினாள், கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு தடவையும் நாப்பத்திரண்டு," என்றாள். "மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மெக்கானிக் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் மறைக்கச் சொன்னதையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா எழுந்து பெட்டியை நிறுத்தினாள். அதைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, முதுகில் இருந்த முத்திரையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். ஒன்பது வருஷப் பசை, லேசில் வரவில்லை. முழுதும் எடுத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

என் வீட்டுக்கு வந்துவிடு அக்கா, இனி சேர்ந்து சாப்பிடலாம், இத்தனை நாள் வெந்ததைத் தின்றும் உன் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கெஞ்சினேன்.

"எதுக்கு? மெஷின் இப்பத்தான் சரியா ஓடுது. இவ்வளவு நாள் தின்னது எதுவும் கணக்குல சேராது. இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள்."

சிவப்புத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தாள். அடுப்பில் காட்டி எடுத்தால் பழைய ருசி வரும், உனக்கு அதுதானே பிடிக்கும் என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். தனக்கென்று ஒரு துண்டு சிவப்பாகவே எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து மெல்லத் தொடங்கினாள். எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நான் படியிறங்கினேன். வீட்டுக்குப் போய்த் துண்டுகளை வாணலியில் போட்டேன். அதே பழுப்பு, அதே வாசனை. ஒன்றைக்கூட என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு ஃபோன் வந்தது. அவளுக்கு அது சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள், அவள் எடைக்கல் அறையில் டப்பாவோடு தனியாக இருப்பாள்.

"ஏண்டி, அன்னிக்குப் பாப்பா கையில என்ன இருந்துச்சு?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். அந்தக் கையை நான்கு வருஷமாக நெஞ்சில் வைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கையில் சோறா, இனிப்பா, எதுவுமே எனக்கு ஞாபகத்தில் இல்லை. நான் பார்த்ததெல்லாம் சம்பந்தி வீட்டார் முகங்களைத்தான்.

"தெரியலக்கா," என்றேன்.

ஃபோனில் டப்பா மூடும் சத்தம் கேட்டது.

"பாப்பா நம்பர் எங்கிட்ட இல்ல. சொல்லு, எழுதிக்கறேன்."

நான் மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணையும் அவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.