புரமோஷன் வந்த மேஜை

போன மாதம் எனக்குப் புரமோஷன் வந்தது. பதவிக்கு முன்னால் 'சீனியர்' என்று ஒரு சொல் சேர்ந்தது. வேலை? அதே வேலைதான். மேஜையை மட்டும் நாலடி தள்ளி, மேனேஜர் அறை வாசலில் போட்டார்கள்.

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் கேக் வாங்கி, வீட்டில் வெட்டி முடித்த பிறகு அகராதியைப் பிரித்தேன். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். 'புரோ' என்றால் முன்னால். 'மொவேரே' என்றால் நகர்த்து. கவனியுங்கள்... நகர்வது அல்ல, நகர்த்துவது! யாரோ பிடித்துத் தள்ளுகிறார்கள். நாம் முன்னேறிவிட்டதாகக் கேக் வெட்டுகிறோம். அப்படிப் பார்த்தால் மேஜைக்கும் எனக்கும் ஒரே நாளில் புரமோஷன்!

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். இந்தத் திங்கட்கிழமை விடவில்லை.

பெங்களூருக்குத் தினமும் என்னோடு ரயிலில் வருபவள் ஸ்டெல்லா. ஒரே தெரு, ஒரே ஆபீஸ். அன்று வழியில் பங்காருபேட்டையில் ரயிலை நிறுத்திப் போட்டுவிட்டார்கள். மூச்சிரைக்க ஓடியும், இருவரும் உள்ளே நுழையும்போது முக்கால் மணி நேரம் தாமதம்.

மேனேஜர் ஒரு நோட்டை நீட்டினார். "இனிமே லேட்டா வர்றவங்க பேரை நீங்கதான் எழுதணும். மூணு தடவை பேர் வந்தா ஒரு லீவ் கட்."

புதுப் பதவி அல்லவா... கை தானாக எழுதியது. 'ஸ்டெல்லா.'

அவள் எட்டிப் பார்த்தாள். கோபப்படவில்லை. "இன்னா மேடம்... நீங்க எந்த ட்ரெயின்ல வந்தீங்க?"

எட்டு வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவள்.

எனக்கு முகம் சுட்டது. அவள் பெயருக்கு மேலே என் பெயரை எழுதினேன்.

மேனேஜர் பதறினார். "உங்க பேரெல்லாம் எதுக்கு? அடிச்சுடுங்க."

"அப்போ ரெண்டு பேரையும் அடிச்சுடறேன் சார்."

துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்கால ரயிலில் யாரோடு உட்கார்ந்து வீடு போவது என்ற பயம்!

அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு பெயரும் அப்படியே நின்றன. மறுநாள் அந்த நோட்டு வேறொருவர் மேஜைக்குப் போனது. அவருக்கு வீடே ஆபீஸின் பின் தெருவில். அவர் எந்த ரயிலைக் கண்டார்?

"உங்களுக்கு இன்னும் லீடர்ஷிப் வரல" என்றார் மேனேஜர், மிகுந்த வருத்தத்தோடு.

ரயிலில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். வேர்க்கடலையை உரித்தபடியே சொன்னாள்:

"வரவே வேணாங்க்கா. அது வந்துச்சுன்னா நீங்க போயிடுவீங்க."