அக்கா வரப்பைச் சுற்றி வந்தார்

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் இலையில் புள்ளி விழுந்தால் போனில் இருக்கும் எங்கள் ஆப்பில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். என்ன மருந்து அடிக்கலாம் என்று பதில் வரும். மயிலம் பக்கத்துக் கிராமங்களில் சின்ன விவசாயிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அலுவலகம் திண்டிவனத்தில். முதலில் போனைக் கையில் பிடித்தபடி நிலத்தின் வரப்பை ஒரு முறை முழுதாகச் சுற்றி வர வேண்டும். சுற்றியவர் பெயரில் அந்த நிலம் ஆப்பில் பதிவாகிவிடும்.

ஆம்பளைகள் தலையாட்டிவிட்டு, நான் பஸ் ஏறுவதற்குள் சினிமாப் பாட்டு பார்க்கப் போய்விடுவார்கள். விடாமல் கற்றுக்கொண்டது ஒரு அக்கா மட்டும்தான். அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. விழுப்புரத்தில் இருக்கும் ஒருவரின் நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்துப் பல வருஷமாகப் பயிர் வைத்துவந்தார். எங்கள் பக்கம் இதற்குத் துண்டுச்சீட்டுகூட எழுத மாட்டார்கள். குத்தகைக்காரர் பெயர் எங்காவது ஏறிவிட்டால் நிலம் திரும்பி வராது என்று நிலக்காரர்களுக்கு எப்போதும் பயம்.

"நெலம் என்னுது இல்லியேம்மா. நான் போனை வச்சிக்கினு சுத்தினா நாளைக்கு எதனா பேஜாரு ஆவாதா?" என்று அக்கா கேட்டார்.

நியாயமான கேள்வி. அப்படியே கொண்டுபோய் என் அதிகாரியிடம் கேட்டேன். என் அப்பா இறந்தபோது கல்லறை வரை கூட வந்து நின்ற மனிதர் அவர். அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை.

"நம்ம கம்ப்யூட்டரைத் தாண்டி எங்கியும் போவாதும்மா. நான் இருக்கேன் இல்ல?" என்று சிரித்தார்.

அதையே அக்காவிடம் சொன்னேன். ஈஸ்டர் பூசையில் மெழுகுவர்த்தி அணையாமல் கொண்டுபோவது போலப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்தார். அந்தத் தடவை புள்ளி நோய் வந்ததும் படம் அனுப்பினார். சொன்ன மருந்தை அடித்தார். செடி தேறி, காய் நன்றாகப் பிடித்தது.

அதுவே வினையாகிப் போனது. வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று அதிகாரி ஒரு வீடியோ எடுக்கச் சொன்னார். அக்காவின் முகம், பெயர், ஊர், அவர் சுற்றிய வரப்பில் சிவப்புக் கோடு போட்ட நிலத்தின் படம், கீழே ‘தன் நிலத்தில் சாதித்த பெண்’ என்று கொட்டை எழுத்து. இதையெல்லாம் போட்டு வெளியே விடும்முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரூப் குரூப்பாகப் போய் அது விழுப்புரத்தையும் எட்டியது. நிலக்காரர் சத்தம் போடவில்லை. மல்லாட்டை பிடுங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்.

"ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க சார், தப்பு நம்மளுதுன்னு," என்று அதிகாரியிடம் கெஞ்சினேன்.

"நல்லதுக்குத்தானே போட்டோம்? வீடியோ நல்லா போய்க்கினு இருக்கு. விடும்மா."

அதே சிரிப்பு. இந்த ஆளையா நம்பினோம் என்று ஆத்திரமாக வந்தது. இன்னும் அடங்கவில்லை.

அக்காவைத் தேடிப் போனேன். அதே நிலத்தில், புது ஆளுக்குக் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினேன். அதிகாரியிடம் நான் கேட்டேன், அவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார், நம் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டார் என்றேன். என்னோடு சேர்ந்து அக்காவும் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா நிமிரவில்லை.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. அவரு சொல்லியா நான் சுத்துனேன்? நீ சொன்ன, சுத்துனேன்."