ஆவடி வரைக்கும்தான் சிக்னல்

நேற்றுக் காலை திருநின்றவூர் ஸ்டேஷனில் நிற்கும்போது, என் போனின் மூலையில் 5ஜி என்று முளைத்திருந்தது. எங்கள் ஊருக்கும் வந்துவிட்டதாம்! புது மாப்பிள்ளையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ரயிலை விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். சிக்னல் ஆவடியோடு நின்றுபோன காலத்தில் செல்போன் வைத்திருந்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஆர்டர் பிடிக்க அலைகிறவன் என்பதால் கம்பெனி எனக்கு ஒரு செல்போன் கொடுத்திருந்தது. செங்கல் கனம், ஆன்டெனாவை இழுத்துவிட்டால்தான் பேசும். மாலை ரயிலில் எங்கள் பெட்டிக்கே அது ஒன்றுதான். அதனால் பேருக்குத்தான் என் போன். ஆவடி நெருங்கியதும், "சீக்கிரம் பேசிடு, சிக்னலு பூடப் போவுது" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பேச்சு பாதியில் அறுந்தால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டோம். மீதி நாளைக்கு.

தயாளன் எங்கள் பெட்டிக்காரன், போல்ட் கம்பெனியில் ஃபிட்டர். கரையான்சாவடியில் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான். பெண்ணின் அப்பா ஒரு நாள் சாயங்காலம் அவர் தெரு டெலிபோன் கடையிலிருந்து என் நம்பருக்குக் கூப்பிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. வானகரத்து மாப்பிள்ளை ஒருவரும் வரிசையில் இருந்தார். பெண்ணின் அப்பா எப்போது கூப்பிட்டார் என்கிறீர்கள்? ரயில் ஆவடியை விட்டுக் கிளம்பிய பிறகு! தயாளன் போனை வாங்கிக் காதில் வைத்தான். "தம்பி, எங்க முடிவு இன்னான்னா..." அவ்வளவுதான், போன் செத்துவிட்டது.

"ஐயோ, நான் வெச்சிட்டேன்னு நெனச்சிக்குவாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். செல்போனைக் கண்ணாலும் பார்க்காத மனுஷரிடம் போய்ச் சிக்னலை எப்படி விளக்குவது?

"இன்னா மச்சான் குந்திகினு கீற? எறங்கு, ஆவடிக்கே போவலாம்!" என்று பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருந்த கோஷ்டி எழுந்தது. அடுத்து வந்த இந்து காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினோம். நானும் அவனும் மட்டுமா? பாதிப் பெட்டியே இறங்கிவிட்டது. எதிர் ரயிலைப் பிடித்து ஆவடி பிளாட்பாரத்தில் போய் நின்றோம்.

கடைக்கு நான்தான் போன் போட்டேன். "கோவமா கெளம்பிட்டாருப்பா. லைன்லயே இரு, இட்டாரேன்" என்றார் கடைக்காரர். போனைத் தயாளனிடம் கொடுத்தேன். ஒருத்தர் ஆன்டெனாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தயாளன் குரல் கேட்டது. "நான் வெக்கல சார். ஆவடிதான் வெச்சிடுச்சி." பிறகு அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், "சரிங்க மாமா" என்றான்.

சார் போய் மாமா! பிளாட்பாரம் முழுக்க ஒரே கூச்சல். முன்பின் தெரியாதவர்கள்கூட அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, போங்கள்.

இப்போது ஆவடியில் எந்தப் பேச்சும் அறுவதில்லை. போன மாதம் தயாளன் மகளுக்கு வரன் முடிந்தது. பையன் வீட்டார் சம்மதம் சொல்லிச் செய்தி அனுப்பியபோது அவன் ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தானாம். வீட்டுக்கு வந்து எங்கள் ரயில் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ரயிலில் நானும் என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.